பூஜ்யத்துக்கு மூன்று படி

எதிரி நாட்டு உளவாளியாக நடிப்பதுதான் மங்கையர்க்கரசியின் வேலை. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், 'புள்ளிவிவர ஆலோசனை' என்று பலகை மாட்டிய அலுவலகத்தில், பதினான்கு வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். காலை ஒன்பதரைக்கு மேசைக்கு ஒரு கேள்வி வரும். ஒருமுறை இப்படி வந்தது: மலையில் புதிதாக ஒரு ரேடார் வைத்திருக்கிறோம். இணையத்தில் எல்லாருக்கும் கிடைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா? இரண்டு நாளில் சொன்னாள். சிலிண்டரெல்லாம் மலைக்கே போய்விடுகிறது என்று அடிவாரத்து ஆள் ஒருவர் கேஸ் ஏஜென்சியைத் திட்டி எழுதியிருந்தார். அதே ஊர் சலூன் ஒன்றுக்குத் திடீரென்று முப்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். நானூறு கொசுவலைக்கு ஒரு டெண்டர் வந்திருந்தது. அவள் அறிக்கை கொடுத்ததும் பாதுகாப்புத் துறை அந்த ஓட்டைகளை அடைத்துவிடும்.

"துண்டுத் தகவல் எல்லாம் ஊர்ச்சொத்து. சேர்த்தாத்தான் ரகசியம்" என்பார் சேதுமாதவன். பிரிவின் தலைவர் அவர். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. காபியை ஆறவைத்துவிட்டுத்தான் குடிப்பார். யாரையும் அதட்டிப் பேசி அவள் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலகத்துக்கு 'அண்மை' என்ற கணினி எந்திரம் வந்தது. நாட்டில் யார் எதைத் தேடினாலும் அண்மைக்குத் தெரியும். துறையின் ஒவ்வொரு ரகசியத்திலிருந்தும் அந்த ஆள் எத்தனை படி தள்ளி நிற்கிறார் என்று ஓர் எண் போடும். சாதாரண ஜனங்கள் ஐம்பதிலோ அறுபதிலோ இருப்பார்கள். மூன்றுக்கு வந்துவிட்டால் 'வாய்க்கால்' வெட்டுவார்கள். அந்த ஆளுடைய ஃபோனில் மட்டும் தேடல் முடிவுகள் வேறு பக்கம் திரும்பிவிடும். எதையும் தடுத்துவிட்டதாக அவருக்குத் தோன்றாது. தேடிக்கொண்டே இருப்பார், படித்துக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு நாளும் ஓர் அடி விலகிப் போவார். பத்து நாளில் மறந்துவிடுவார்.

அப்படி மறக்காத ஒருத்தியின் கோப்புதான் அந்தப் புதன்கிழமை மங்கையின் மேசைக்கு வந்தது. மேலே சேதுமாதவனின் கையெழுத்தில், 'வாய்க்கால் வெட்டி ஏழு வாரம். நிற்கவில்லை. பார்' என்று எழுதியிருந்தது.

பெயர் ஜெனோவா. வயது இருபத்தொன்பது. குமரி மாவட்டத்தில் புன்னைத்துறை என்ற கடற்கரை ஊர். அவளுடைய தேடல்கள் தேதிவாரியாக இருந்தன. எல்லாமே தமிழில், வாயால் பேசிக் கேட்டவை.

'போட் கவிழ்ந்தால் எத்தனை நேரம் மிதக்கும்.' 'லைஃப் ஜாக்கெட் போட்டால் எத்தனை நாள் உயிரோடு இருக்கலாம்.' 'ஆகஸ்ட் ஒன்பது ஆழ்கடல் காற்று.' 'அட்சரேகை என்றால் என்ன.' 'அட்சரேகை ஏழு, தீர்க்கரேகை எழுபத்தஞ்சு எந்த இடம்.' 'காற்று இல்லாமல் போட் ரெண்டாக உடையுமா.' 'கடலுக்கு அடியில் என்ன போகும்.'

கடைசிக் கேள்வியில் அவளுடைய எண் மூன்று. அன்றைக்கே வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதற்கப்புறம்தான் விசித்திரம். தினமும் காலை பத்து மணிக்கு அதே கடைசிக் கேள்வியைக் கேட்டாள். திமிங்கிலம், நீர்மூழ்கி எரிமலை, சுறா என்று வாய்க்கால் என்னென்னவோ கொடுத்தது. எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் கேட்டாள். ஐம்பது நாள்.

மங்கை கோப்பை எடுத்துக்கொண்டு சேதுமாதவன் அறைக்குப் போனாள்.

"சார், இவளோட வீட்டுக்காரர் காணாமப் போயிருக்காரு. அதத்தான் தேடுறா."

"தெரியும்மா. 'ஆரோக்கிய தீபம்'னு ஒரு விசைப்படகு. பதினோரு பேர். புயல்ல போச்சுன்னு கணக்கு."

"அன்னிக்குக் காத்தே இல்ல சார். அவளே தேடிக் கண்டுபிடிச்சிருக்கா."

சேதுமாதவன் காபி டம்ளரைத் தள்ளிவைத்தார். "அந்த ரகசியம் என்னன்னு நமக்குச் சொல்லல. சொல்லவும் மாட்டாங்க. அவ ஏன் நிக்கலங்கிறது மட்டும்தான் உனக்கு வேலை. அதத் தாண்டிப் பாக்காத. புரியுதா?"

"புரியுது சார்."

புரிந்தது. ஆனால் பதினான்கு வருடம் துண்டுகளைச் சேர்த்துப் பழகிய கைக்கு நிறுத்தத் தெரியவில்லை. அலுவலகக் கணினிக்கு வாய்க்கால் கிடையாது. ஆகஸ்ட் ஏழிலிருந்து பதினொன்று வரை கடலில் ஒரு பகுதிக்குக் கப்பல்கள் வரவேண்டாம் என்ற அறிவிப்பு முதலில் கிடைத்தது. ஜெனோவா தேடிய இடம் அதற்கு எழுபது கிலோமீட்டர் வெளியே இருந்தது. அடுத்து, மூழ்கிய பொருளைத் தூக்கும் கப்பல் ஒன்று பத்தாம் தேதி அவசரமாகக் கிளம்பியிருந்தது. அந்தக் கப்பலின் சமையல்காரர் பதின்மூன்றாம் தேதி தன் பிறந்தநாள் கேக்கோடு ஒரு படம் போட்டிருந்தார். அவர் பின்னால் தளத்தில், தார்ப்பாய் சரிந்த இடத்தில், ஆள் உட்கார இடமில்லாத நீளமான கறுப்புக் கலம் ஒன்று கிடந்தது. அதன் மூக்கு நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் நீலமும் மஞ்சளுமாகப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கோப்பிலிருந்த படத்தில் 'ஆரோக்கிய தீபம்' நீலமும் மஞ்சளும்.

தானே ஓடும் நீரடிக் கலம். சோதனையில் கட்டுப்பாட்டை இழந்து எழுபது கிலோமீட்டர் ஓடிப் பதினோரு பேரை அடித்திருக்கிறது.

மூன்றரை மணி. கதவைச் சாத்திக்கொண்டு சேதுமாதவன் அவள் அறைக்குள் வந்தார். அவர் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மங்கை, உன் நம்பர் பூஜ்யமாயிடுச்சு."

"என்னையும் அளக்குதா சார்?"

"எல்லாரையும் அளக்கும். வீட்டுல உன் ஃபோன், உன் வீட்டுக்காரர் ஃபோன், எல்லாத்துக்கும் வாய்க்கால் உண்டு. நீ சேர்ந்த நாள்லேருந்து. அப்ப அண்மை இல்ல, ஆளுங்க உக்காந்து கையால செஞ்சாங்க."

"நான் வேலைய விட்டுர்றேன் சார்."

"விட்டுட்டு எங்க போவ?" அவர் குரலில் மிரட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்தப் பொண்ணுக்கு ஒரு உத்தரவு வந்திருக்கு. வாய்க்கால்ல நிக்காதவங்களுக்கு ஒரே வழி, உள்ள எடுக்கிறது. விசாகப்பட்டினத்துல ஒரு ஆபீஸ்ல வேலை, குவார்ட்டர்ஸ், பிள்ளைக்கு ஸ்கூல். ஏதோ கம்பெனி பேருல லெட்டர். கையெழுத்துப் போட்டா ரகசியக் காப்பு ஒப்பந்தம். அப்புறம் அவ வாயத் திறக்க முடியாது."

மங்கைக்குத் தன் வேலைக் கடிதம் ஞாபகம் வந்தது. காரைக்குடியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். நான்கு ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் ஏன் வருடா வருடம் சூடாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த நேரம். விண்ணப்பமே போடாமல் கடிதம் வந்தது. அப்பா ஊரெல்லாம் காட்டினார். கெட்டிக்காரி என்று தேடி வந்திருக்கிறார்கள் என்று அவளும் நம்பினாள். ஆராய்ச்சியைப் பாதியில் போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

"சார்... நான் எதுக்குப் பக்கத்துல இருந்தேன்?"

"தெரியாதும்மா. கோப்பு என்கிட்ட இல்ல." எழுந்தவர் கதவருகே நின்றார். "நான் காலேஜ்ல பூகோளம் நடத்திட்டிருந்தேன். நானும் அப்ளிகேஷன் போடல."

அன்று வீட்டுக்குப் போனதும் மங்கை தன் ஃபோனில் அந்த நான்கு ஊர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடினாள். தேர்த்திருவிழாப் படங்கள், பள்ளி ஆண்டுவிழா, வீட்டுமனை விளம்பரம். கிணறு பற்றி ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே இல்லையா, அல்லது அவளுக்கு மட்டும் இல்லையா என்று கண்டுபிடிக்க அவளிடம் வழி ஏதும் இல்லை; அலுவலகக் கணினியில் தேடினால் அதையும் அண்மை அளந்துவிடும். ஏழாவது படிக்கும் மகள் இதழினி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்கு ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். மங்கை அவள் கையிலிருந்து ஃபோனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏம்மா?"

"புக்குல இருக்கும். புக்குல பாரு."

பதினான்கு வருடமாகத் தான் அறிந்தது, நம்பியது, கணவன் கதிரேசனோடு சண்டை போட்டு நிலைநாட்டியது எதுவுமே தான் தேடி அடைந்ததுதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அறையில் நான்கு சுவரும் இருந்தன. ஆனால் வேறு யாரோ வரைந்த வீட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது.

மறுநாள் சேதுமாதவன் சொன்னார். "ஜெனோவாகிட்ட லெட்டரக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் வேணும். பொம்பளையா இருந்தா நல்லதுன்னு மேலேருந்து சொல்றாங்க. நீ போறியா?"

"போறேன் சார்."

சனிக்கிழமை காலை பத்தரைக்குப் புன்னைத்துறையில் இறங்கினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. வலை காயப்போட்டிருந்த சந்தில், மாதா சிலை வைத்த கெபிக்கு எதிர்வீடு. வாசலில் நின்றவள் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தாள். மங்கை கம்பெனி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டாள்:

"ஃபோன் இருக்கா?"

"இருக்கு."

"மைனி, இத வாங்கி ஒங்க வீட்டுல வெச்சிட்டு வாருங்கோ." உள்ளேயிருந்து அண்ணி முறையான நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து ஃபோனை வாங்கிக்கொண்டு போனாள். "இனி உள்ள வாருங்கோ. ஒங்களத்தான் பாத்துட்டு இருந்தேன்."

மங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிதம் இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டாள். "என்னயவா?"

"ஒங்கள இல்லன்னா வேற ஆள. யாராவது வருவாங்கன்னு தெரியும்." ஜெனோவா தரையில் சம்மணமிட்டு அமர்ந்தாள். "எனக்க மாப்பிளயும் மைனிக்க மாப்பிளயும் ஒரே போட்டுலதான் போனாவ. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்துதான் ஃபோன்ல கேப்போம். ஒருநாள் நான் கேட்டது எனக்க ஃபோன்ல ஒருமாதிரி வந்தது. அதையே மைனி கேட்டா வேறமாதிரி வந்தது. ஒரே கேள்வி, ஒரே நேரம். திரும்பத் திரும்பப் பாத்தோம். அப்பம் எனக்கு வெளங்கிற்று, எனக்க ஃபோனுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்காவன்னு."

கோடிக்கணக்கான தேடல்களை அளக்கும் எந்திரத்தை இரண்டு பெண்கள் இரண்டு ஃபோனைப் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"அப்ப ஏன் தினம் பத்து மணிக்கு..."

"கதவத் தட்டினேன். வேற என்ன?" ஜெனோவா நேராகப் பார்த்தாள். "எனக்குப் பதில் தெரியும். பக்கத்துப் போட்டுக்காரவ பாத்திருக்காவ. தண்ணிக்கு அடியில கறுப்பா ஒண்ணு வந்து இடிச்சது, போட்டு ரெண்டாப் போச்சின்னு சொன்னாவ. ரெண்டு பேரு வந்து அவியள மிரட்டிற்றுப் போனாவ. இப்பம் கோர்ட்டுல கேட்டா பாக்கலன்னு சொல்லுவாவ. நாங்க கேஸ் போட்டிருக்கு. புயல்னு எழுதி முடிச்சிருவாவன்னு வக்கீல் சொல்லுதாரு. உள்ள இருந்து ஒரு ஆளு வாயத் தொறக்கணும். அதுக்குத்தான் தட்டினேன். யாரு வாசிக்காவளோ அவிய எறங்கி வரட்டும்னு."

மங்கை உறையை அவளிடம் கொடுத்தாள். ஜெனோவா கடிதத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எனக்கு வாய்ப்பூட்டு. நீங்க இதக் கொடுக்க மட்டும்தான் வந்தியளா?"

வெளியே யாரோ மீன்கூடையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய், 'மறுத்துவிட்டாள்' என்று இரண்டு வரி எழுதிவிடலாம். அடுத்து வேறொருவர் வருவார். தன் நாற்காலி, இதழினியின் பள்ளி, கதிரேசனின் அச்சகம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படியே இன்னும் இருபது வருடம் இருக்கும். அந்த இருபது வருடம் தனக்கு வேண்டாம் என்று மங்கைக்குத் தோன்றியது.

"நோட்டு ஏதாவது இருக்கா?" என்றாள்.

ஜெனோவாவின் மகனுடைய நோட்டில் ஒன்பது பக்கம் எழுதினாள். அறிவிப்பின் எண், கப்பலின் பெயர், சமையல்காரர் போட்ட படம், பெயிண்டின் நிறம், அண்மை, வாய்க்கால், எல்லாம். பதினோரு பேரின் பெயரையும் ஜெனோவா சொல்லச் சொல்ல எழுதினாள்.

"ஒங்க பேரு போடாண்டாம்னா விட்டிருங்கோ" என்றாள் ஜெனோவா. "ஒங்களுக்கும் பிள்ள இருக்கும்."

"பேரு இல்லன்னா இது வெறும் பேப்பர்." மங்கை முழுப் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இனிமே நீங்க எதுவும் தேடாதீங்க. ஊர்ல யாரும் தேட வேண்டாம். பூஜ்யமா இருக்கிறவங்க தேடலன்னா அதுக்குக் கண்ணு தெரியாது."

திங்கட்கிழமை அறிக்கையில், 'வேலையை ஏற்கவில்லை. புயல்தான் என்று சமாதானமாகிவிட்டாள். இனித் தேடமாட்டாள்' என்று எழுதினாள். அண்மையின் திரையில் புன்னைத்துறை உண்மையாகவே அடங்கிப்போயிருந்தது. பத்து மணி கடந்தது. ஒரு கேள்வியும் வரவில்லை. சேதுமாதவன் அந்த வெறும் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு ஊரே ஒரே நாள்ல மறக்குமா மங்கை?"

அவர் பேனாவை எடுத்து, கோப்பில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"தைரியமா இருக்கா சார்."

"நல்லது." கோப்பை மூடிவிட்டு எழுந்து போனார்.

பத்தொன்பது நாள் கழித்து விசாரணை. ஒன்பது பக்கத்தையும் மங்கையின் பெயரையும் வக்கீல் முந்தின நாள்தான் நீதிமன்றத்தில் கொடுத்திருந்தார். மங்கை அன்றைக்கு விடுப்பு எடுக்கவில்லை. நேராக நீதிமன்றத்துக்குப் போனாள். முந்தின நாள் சாயங்காலமே கதிரேசனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் இதழினியைத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றான்.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. அரசு வழக்கறிஞர் எழுந்து அலட்சியமாகச் சொன்னார்:

"அம்மா, மங்கையர்க்கரசி என்று எந்தத் துறையிலும் யாரும் வேலை செய்யவில்லை. அவர் சொல்கிற பல்கலைக்கழகப் பட்டியலில் அப்படி ஒரு மாணவி இல்லை. இணையத்தில் எங்கே தேடினாலும் இப்படி ஒருவர் கிடையாது. யாரோ ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள்."

நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். அவர் பெயரைத் தட்டினார். அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். இரண்டுக்கும் 'பதிவு இல்லை' என்றே வந்தது.

மங்கை சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுவரை இருந்தாள். ஒரே இரவில் அவளைச் சுற்றி வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்; இந்த முறை நாடு முழுவதற்கும்.

"நீங்க அந்த அலுவலகத்துல வேலை பார்த்ததுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"அடையாள அட்டை கிடையாதும்மா. சம்பளச் சீட்டுல வேற கம்பெனி பேரு. அந்தக் கம்பெனியும் இப்ப இருக்காது."

"உங்களைத் தெரியும்னு சொல்லக்கூடிய ஒரு ஆள்? உங்ககூட வேலை பார்த்தவங்க?"

ஜெனோவாவும் படகில் போன மற்றப் பத்துப் பேரின் வீட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஜெனோவாவுக்கும் மைனிக்கும் மட்டும், அதுவும் ஒரு முற்பகல்தான் மங்கையைத் தெரியும்.

"யாரும் வரமாட்டாங்கம்மா" என்றாள் மங்கை. "வந்தா அவங்களும் இல்லாமப் போயிருவாங்க."

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சேதுமாதவன் எழுந்து நின்றார். சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வர அவருக்கு நேரம் பிடித்தது. அரசு வழக்கறிஞரின் உதவியாளர்கள் இரண்டு பேர் அவசரமாக ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "பதினாலு வருஷமா என்கிட்டதான் வேலை பார்த்தாங்க. அவங்க எழுதின ஒன்பது பக்கமும் நிஜம். அந்தக் கோப்பு என் கை வழியாத்தான் போச்சு."

"உங்க பெயர்?"

அவர் சொன்னார். ஊரையும், ஒரு காலத்தில் பாடம் நடத்திய கல்லூரியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். கிளார்க் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, பதிவு இல்லை என்று தலையை ஆட்டினார்.

நீதிபதி திரையைப் பார்க்கவில்லை. கூண்டில் நின்றவளையும், அதன் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுருக்கெழுத்தரிடம் திரும்பினார்.

"சாட்சி எண் ஒன்று, நேரில் ஆஜர். சாட்சி எண் இரண்டு, நேரில் ஆஜர்" என்றார். "எழுதிக்கோங்க. அவங்க முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் கதவைத் திறக்க வேண்டாம்."